கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் சிகரெட், பீடிப் புகை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவர் புகைபிடிக்கிறார், அதே வீட்டுக்கு ஒரு பச்சைக் குழந்தையும் வரப்போகிறது அல்லது வந்துவிட்டது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்காக எழுதியது இது. புகைபிடிப்பவர் கணவராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், அம்மா வீட்டில் தம்பியாக இருக்கலாம். 2016-17இல் எடுத்த புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள். அந்த வீடுகளில் தொட்டிலில் கிடப்பவர்களை அந்தக் கணக்கு எண்ணவில்லை.

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கக் கடுமையாக்கப்பட்டது. பஸ் ஸ்டாண்டில் பற்றவைத்தால் அபராதம் கேட்கலாம். வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது, வீட்டுச் சட்டத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் போட வேண்டும். என் அனுபவத்தில், புகை கெடுதல் என்று தெரியாத குடும்பம் கிடையாது. அதை யார் யாரிடம் சொல்வது என்பதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

முதலில்: புகை குழந்தையிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது?

மூன்று வழிகள். ஒன்று, இழுத்து வெளியே விடும் புகை. இரண்டு, இழுக்காத நேரத்தில் நுனியிலிருந்து சும்மா எழும்பிக்கொண்டே இருக்கும் புகை. அறைக்குள் சேரும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவதுதான். இது ஃபில்டர் வழியாக வருவதில்லை. ஃபில்டர் இழுப்பவரின் வாய்க்கு மட்டும்தானே! சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அதில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பீடி இயற்கையானது, இலையில் சுற்றியது, அதனால் பரவாயில்லை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அணையாமல் இருக்க பீடியை அடிக்கடி இழுக்க வேண்டும். அதன் புகையில் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவு இல்லை.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. புகை கலைந்த பிறகும் அதன் படிவு சுவர், திரைச்சீலை, மெத்தை, சட்டை, மீசை, விரல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை அந்தத் தோளில் முகத்தைத் தேய்க்கிறது, அந்த விரலைச் சப்புகிறது, தவழ ஆரம்பித்ததும் அந்தத் தரையில் கை வைத்துவிட்டு வாயில் வைக்கிறது.

பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விட்டால், பிறந்த குழந்தை 40 முதல் 60 முறை விடுகிறது. நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். எழுந்து வேறு அறைக்குப் போகவும் அதனால் முடியாது. புகை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு நிமோனியா, இளைப்பு, காதில் சீழ் எல்லாம் அதிகம் வருகின்றன. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் திடீர் சிசு மரணத்துக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு உறுதியாக நிறுவப்பட்டது.

படி 1: குழந்தை வருவதற்கு முன்பே எல்லை போடுங்கள்

நம் வழக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புவார். அந்த இடைவெளி கணவர் வீட்டுக்குக் கிடைத்த அவகாசம். அன்று முதலே வீட்டுக்குள் பற்றவைப்பது இல்லை என்று நிறுத்திவிட்டால், குழந்தை வரும்போது பழக்கமும் மாறியிருக்கும், வீட்டைச் சுத்தம் செய்யவும் நேரம் கிடைத்திருக்கும்.

இன்னொரு பக்கம், குழந்தையின் முதல் மாதங்கள், அதாவது ஆபத்து அதிகமான மாதங்கள், அம்மா வீட்டில்தான் கழியும். கணவரை மாடிக்கு அனுப்பிவிட்டு, அம்மா வீட்டில் அப்பா ஹாலில் உட்கார்ந்து பீடி குடிப்பதைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே விதி.

விதி சின்னதாக இருக்கட்டும்: வாசல்படிக்குள் யாரும், எப்போதும், எதையும் பற்றவைக்கக் கூடாது. "குழந்தை தூங்கும்போது", "மழை பெய்தால் மட்டும்", "விருந்தாளி வந்தால்" என்று விதிவிலக்கு சேர்க்க ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் விதியே இருக்காது. 2019இல் தடை செய்யப்பட்ட பிறகும் கையில் வைத்திருக்கும் இ-சிகரெட்டுக்கும் இதே விதிதான். அந்தத் திரவம் குழந்தையின் வாயில் பட்டால் விஷம் என்பது தனிக்கதை.

படி 2: எங்கே போய்ப் பிடிப்பது?

நிறுத்துவதுதான் சரியான பதில். ஆனால் நாளைக் காலையிலேயே எல்லோரும் நிறுத்திவிடப் போவதில்லை என்பதால் இந்தப் படி.

ஸ்வீடனில் இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகளின் சிறுநீரில் நிகோடினின் தடயத்தை அளந்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. புகைபிடிக்காத வீட்டுக் குழந்தைகளின் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ப் பிடிப்பவர் வீட்டில் சுமார் 2. திறந்த கதவருகே நின்று பிடித்தால் 2.4. சமையலறையில் புகைபோக்கி விசிறிக்குக் கீழே நின்றால் 3க்கு மேல். வீட்டுக்குள் தாராளமாகப் பிடித்தால் ஏறக்குறைய 15. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

ஜன்னலோரம் போதுமா? போதாது. பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கொண்டு? கதவைத் திறந்ததும் மிச்சப் புகை முழுவதும் ஹாலுக்குத்தான் வரும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. காற்று சுத்திகரிக்கும் கருவி நுண்துகளைக் கொஞ்சம் பிடிக்கும், வாயுக்களை விட்டுவிடும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது, தனி அறையோ விசிறியோ காற்றோட்டமோ முழுப் பாதுகாப்பு தராது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் அறிக்கை 2006இலேயே சொல்லிவிட்டது.

தனி வீடு என்றால் வாசலைத் தாண்டி, ஜன்னல்களை விட்டு விலகி, தெருவோரமாகப் போக வேண்டும். திண்ணை கணக்கில் சேராது. அது வாசலை ஒட்டி இருப்பதால் காற்று திரும்பினால் புகை நேராக உள்ளே வந்துவிடும். அடுக்குமாடி என்றால் பால்கனியை மறந்துவிடுங்கள். மொட்டை மாடி அல்லது கீழே காம்பவுண்டுக்கு வெளியே. மூன்று மாடி ஏறி இறங்க அலுத்துப்போய் ஒரு நாளைக்கு இரண்டு குறைந்தால் அதுவும் லாபம்தான்.

கார் என்றால் கண்ணாடியை இறக்கியிருந்தாலும் வேண்டாம், குழந்தை வண்டியில் இல்லாத நேரத்திலும் வேண்டாம். சீட் துணி அதை வைத்திருந்து பிறகு கொடுக்கும்.

படி 3: பிடித்துவிட்டு வந்தவுடன் குழந்தையைத் தூக்கக் கூடாது

மேலே சொன்ன கணக்கில், வெளியே போய்ப் பிடிப்பவர் வீட்டிலும் அளவு 1 ஆகாமல் 2 ஆக இருந்ததே, அதற்குக் காரணத்தில் ஒரு பங்கு இங்கேதான். கடைசி இழுப்புக்குப் பிறகும் கொஞ்ச நேரம் மூச்சில் புகையின் மிச்சம் வந்துகொண்டிருக்கும். ஜப்பானில் இகோமா என்ற நகராட்சி, புகைபிடித்துவிட்டு வரும் ஊழியர்கள் 45 நிமிடத்துக்கு லிஃப்டில் ஏறக் கூடாது என்று 2018இல் விதியே போட்டது. நம் வீட்டுக்கு அவ்வளவு கறார் வேண்டாம், அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அரை மணிக்குள் வாய் கொப்பளித்து, முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்ற வேண்டும். மீசை, தாடி இருந்தால் அதையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

இதற்கு ஒரு சட்டையைத் தனியாக ஒதுக்குவது நல்ல வழி. வாசலுக்கு வெளியே ஆணியில் ஒரு பழைய சட்டை தொங்கட்டும். போகும்போது அதைப் போட்டுக்கொண்டு, வரும்போது அங்கேயே கழற்றிவிட்டு வர வேண்டும். பாக்கெட், தீப்பெட்டி எல்லாம் அந்தச் சட்டைப் பையிலேயே, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இது ரொம்பக் கெடுபிடி என்று யாராவது சலித்துக்கொண்டால், துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்து குளிக்காமல் நம் வீட்டில் யாராவது குழந்தையைத் தொடுகிறார்களா என்று கேளுங்கள். வெளியே போய் வந்த காலோடு பச்சைப் பிள்ளை பக்கம் வராதே என்று பாட்டிகள் காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். பழக்கம் புதிதல்ல, அதில் இன்னொன்றைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

படி 4: பெரியவர்களிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

என் கணிப்பில் இதுதான் மிகக் கடினமான படி.

அவரவர் பிள்ளைதான் அவரவர் பெற்றோரிடம் பேச வேண்டும். மாமனாரிடம் மருமகளை அனுப்பாதீர்கள். அவள் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் "வந்தவள் எனக்குச் சட்டம் போடுகிறாள்" என்றுதான் காதில் விழும். அதேபோல மாமனாரின் பீடியைப் பற்றி மாப்பிள்ளை வாய் திறந்தால் அது சம்பந்தி விவகாரமாகிவிடும். மகன் அப்பாவிடம், மகள் தன் அப்பாவிடம். மகனும் புகைபிடிப்பவர் என்றால் அவர் முதலில் ஒரு வாரம் விதிப்படி நடந்து காட்டிவிட்டுப் பேசட்டும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சுக்கு மதிப்பே இருக்காது.

நாலு பேர் முன்னால், சாப்பாட்டு நேரத்தில், அவர் பற்றவைத்திருக்கும்போது சொல்ல வேண்டாம். தனியாக இருக்கும்போது, சாதாரணமாக:

"அப்பா, பாப்பாவோட நெஞ்சு ரொம்ப மெல்லிசாம். பீடி வாசனை சட்டையில இருந்தாக்கூட அதுக்கு ஒத்துக்காதாம். இனிமே வீட்டுக்குள்ள நானும் பிடிக்கப்போறதில்ல. நீங்களும் வெளிய போயிட்டு வாங்கப்பா. வந்து கை கால் கழுவிட்டுத் தூக்குங்க."

"உங்களையெல்லாம் நாங்கள் இப்படித்தானே வளர்த்தோம், என்ன கெட்டுப் போய்விட்டீர்கள்?" என்ற பதில் நிச்சயம் வரும். அதற்கு வாதாடி ஜெயிக்க முடியாது, தேவையும் இல்லை. "சரிப்பா, இப்ப டாக்டர் இப்படிச் சொல்றார், கேட்டுத்தான் பார்ப்போமே" என்று டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது தாத்தாவையும் அழைத்துப்போய், அவர் காதுபட டாக்டரையோ நர்ஸையோ சொல்ல வைப்பது இன்னும் நல்லது. பிள்ளை சொல்லிக் கேட்காதவர்கள் வெள்ளைக் கோட்டு சொன்னால் கேட்பார்கள்.

வயதானவருக்கு மாடி ஏற முடியாது, முழங்கால் வலி என்றால் அவருக்கு ஓர் இடம் செய்து கொடுங்கள். வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியிலோ மதில் ஓரத்திலோ ஒரு நாற்காலி, ஒரு குடை, சாம்பல் போட மணல் நிரப்பிய ஒரு டப்பா. விரட்டியதாக இருக்கக் கூடாது, இடம் கொடுத்ததாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தூக்க விடமாட்டேன் என்று மிரட்டுவது மட்டும் கூடவே கூடாது. கழுவிவிட்டு வந்தால் உடனே மடியில் கொடுங்கள். அந்தச் சந்தோஷத்துக்காகவே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும் தாத்தாக்கள் உண்டு.

குழந்தை பார்க்க வரும் விருந்தாளிகள் இதைவிடச் சுலபம். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, "கை கழுவிட்டு வாங்க" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். புகை நாற்றம் தூக்கலாக அடிக்கும் மாமாவிடம் குழந்தையைக் கொடுக்காமல் இருக்க "இப்பத்தான் தூங்குச்சு" போதும். பொய்தான், பரவாயில்லை.

படி 5: படுக்கை, தொட்டில், துணி

புகைபிடிப்பவர் குழந்தையை ஒட்டிப் படுக்கக் கூடாது. அறைக்குள் பிடிக்காதவராக இருந்தாலும் இதே விதிதான். புகைபிடிப்பவரோடு ஒரே படுக்கையில் தூங்கும் குழந்தைக்கு திடீர் மரண ஆபத்து கூடுகிறது. நம் வீடுகளில் பாயில் வரிசையாகப் படுப்பது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கலாம், குழந்தைக்குத் தனிப் படுக்கை, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அப்பா அந்தச் சில மாதங்கள் ஹாலில் படுக்கட்டும்.

பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி தைப்பது நல்ல வழக்கம், மெத்தென்று இருக்கும். தாத்தா பீடி குடிப்பவராக இருந்தால் மட்டும் வேறு வேட்டி தேடுங்கள், அல்லது வெந்நீரில் சோப்புப் போட்டுப் பலமுறை அலசுங்கள். தூளி கட்டும் சேலையையும் வாரம் ஒருமுறையாவது துவையுங்கள். ஹாலில் தொங்கும் அந்தத் துணிதான் காற்றில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது.

வீட்டுக்குள் பல வருடம் புகைபிடித்திருந்தால் சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு அப்புறம் பெயின்ட் அடியுங்கள். துடைக்காமல் மேலே பூசினால் மஞ்சள் கறை மறுபடி வெளியே வரும். திரைச்சீலை, சோபா உறை, ஃபேன் இறக்கை, ஏசி ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். தினமும் கூட்டுவதோடு ஈரத்துணியால் துடைப்பதும் முக்கியம். பஞ்சு மெத்தை வெயிலில் போட்டால் மட்டும் தெளியாது, முடிந்தால் குழந்தைக்குப் புதிய விரிப்பு வாங்கிவிடுங்கள். வாசனைத் தெளிப்பான் நாற்றத்தை மறைக்கும், படிவை எடுக்காது.

சிகரெட் துண்டு, பீடித் துண்டு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. தவழும் குழந்தை ஒன்றை விழுங்கினாலும் நிகோடின் விஷமாகலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பற்றவைக்காத புகையிலைத் தூளும் குழந்தைக்கு ஆகாது. தட்டை வைத்துக்கொண்டு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் தொட்டில் வேண்டாம். பால் கொடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேலே ஒரு துணி மாற்றிக்கொள்ளுங்கள். தூள் மூட்டை பரண் மேல் இருக்கட்டும்.

படி 6: மற்ற புகைகள்

சிகரெட்டை விரட்டிவிட்டு, குளிப்பாட்டியதும் குழந்தையின் தலைக்குச் சாம்பிராணி போடுகிறோம். அதுவும் கரியில் எழும் புகைதான், அதுவும் முகத்துக்கு ஓரடி தூரத்தில். தலையை மென்மையான துணியால் துவட்டினாலே ஈரம் போய்விடும். பாட்டி கேட்கவில்லை என்றால், குழந்தை இல்லாத அறையில் போட்டு, ஜன்னலைத் திறந்து, புகை முழுக்க வெளியேறிய பிறகு குழந்தையைக் கொண்டுபோகும் சமரசத்துக்கு வரலாம். கப் வடிவில் வரும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் இதே கணக்குதான்.

கொசுவர்த்திச் சுருள் இதைவிட மோசம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று கண்டார்கள். மூடிய அறையில், இரவு முழுவதும், தொட்டிலுக்கு அடியில். கொசுவலை போதும். கைக்குழந்தைக்குக் குடை மாதிரி விரியும் வலை எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

விறகடுப்பில் வெந்நீர் போடும் வீடுகளில் அந்த அடுப்பு வீட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும், எரியும் நேரத்தில் குழந்தை இடுப்பில் வேண்டாம். போகி அன்று காலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். பக்கத்து ஃப்ளாட்டுக்காரர் பால்கனியில் பிடிக்கும் புகை உங்கள் ஜன்னலுக்கு வந்தால், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு போய் நேரில் சொல்வதுதான் வேலைக்கு ஆகும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

படி 7: தாய்ப்பால்

சில தாய்மார்கள் புகைபிடிப்பார்கள், சிலர் வெற்றிலையோடு புகையிலை போடுவார்கள். வெளியே சொல்லத் தயங்குவார்கள். நிகோடின் பாலில் கலக்கும் என்பது உண்மை. ஆனாலும் அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டியது புகையிலையைத்தான். அது முடியும்வரை, பால் கொடுத்து முடித்த பிறகே புகையிலை, அடுத்த பாலுக்கு முன் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. உடம்பில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது.

படி 8: நிறுத்த முயல்பவருக்கு உதவி

தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை. சிகரெட், பீடிப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் பேசலாம். 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வழியாக வழிகாட்டுவார்கள். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இதய நோய் போன்ற பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதல் வாரம்தான் மோசமாக இருக்கும். எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். அந்த வாரத்தில் அவரோடு எந்தப் பழைய கணக்கையும் தீர்க்காதீர்கள். நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் மறுபடி நாள் குறித்துத் தொடங்கலாம், பலருக்கும் ஒரே முயற்சியில் நின்றுவிடுவதில்லை. அவர் நிறுத்தும்வரை வாசல்படி விதி மட்டும் அப்படியே நிற்கட்டும்.

படி 9: டாக்டரிடம் எப்போது?

குழந்தைக்குச் சளி, காது வலி, இளைப்பு என்று போகும்போது "வீட்டில் புகைபிடிப்பவர் இருக்கிறார்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். கூட்டத்தில் டாக்டர் கேட்க மறக்கலாம், கணவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று நீங்கள் தயங்கலாம். அந்த ஒரு தகவல் மருத்துவத்தை மாற்றக்கூடியது.

மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.